செவ்வாய்ப் பயணக் கதிர்வீச்சைக் கணக்கிட எந்த நிரல்? ஓல்ட்டாரிஸ், ஜியான்ட்4, ஃப்ளூகா, ஃபிட்ஸ்: ஓர் ஒப்பீடு

"அண்ணா, ப்ராஜெக்டுக்கு ஆறு மாசம்தான் இருக்கு. ஜியான்ட்4 படிச்சே ஆகணுமா, வேற ஏதாவது போதுமா?"

இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் ஒவ்வொரு வருஷமும் எனக்கு வந்துவிடுகிறது. எம்.எஸ்சி. இயற்பியல் மாணவர்கள் கேட்கிறார்கள், ஏரோஸ்பேஸ் படிப்பவர்கள் கேட்கிறார்கள், மருத்துவ இயற்பியலிலிருந்து இந்தப் பக்கம் வந்தவர்களும் கேட்கிறார்கள். நிலவுக்கோ செவ்வாய்க்கோ போகும் மனிதர்கள் மேல் எவ்வளவு கதிர்வீச்சு விழும் என்று கணக்கிட வேண்டும், கையில் நாலைந்து நிரல்களின் பெயர் இருக்கிறது, எதை எடுப்பது என்று தெரியவில்லை. பாதிப் பேர் சீனியர் யாரோ சொன்னதை நம்பி ஜியான்ட்4-ஐ இறக்கி, அதை நிறுவுவதிலேயே ஒரு மாதத்தைத் தொலைத்துவிட்டு வருகிறார்கள். அந்த ஒரு மாதத்தை மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பது அதிலிருந்துதான் வருகிறது. க்யூரியாசிட்டி ஊர்தி 2011 நவம்பரில் கிளம்பி 253 நாள் பயணித்துச் செவ்வாயில் இறங்கியது. அதில் இருந்த ராட் என்ற அளவி, போகும் வழியிலேயே கதிர்வீச்சை அளந்தது. நாளுக்குச் சராசரியாக 1.84 மில்லிசீவர்ட் (எவ்வளவு கதிர்வீச்சு என்பதோடு அது உடலுக்கு எவ்வளவு தீங்கானது என்பதையும் சேர்த்துச் சொல்லும் அலகு). இறங்கிய பிறகு செவ்வாய்த் தரையில் நாளுக்கு 0.64. போக வர 360 நாள், தரையில் 500 நாள் என்று ஒரு பயணத்தை எடுத்துப் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 1,000 மில்லிசீவர்ட், அதாவது ஒரு சீவர்ட் வந்து நிற்கும். நாசா தன் விண்வெளி வீரர்களுக்கு இப்போது வைத்திருக்கும் வாழ்நாள் வரம்பு 600 மில்லிசீவர்ட். ஆக, நம் கணக்கு 30 சதவீதம் தவறினால், ஒருவர் எத்தனை மாதம் அங்கே தங்கலாம் என்பதே மாறிப்போகும். உள்ளே உட்காரப் போவது மனிதர்கள். இந்த எண்ணம் மனதில் இருந்தால் பாதித் தவறுகளை நாம் செய்யவே மாட்டோம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நிரல்களுக்குள் போகும் முன் அளவுகோல்களைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கேள்வி என்ன? "இத்தனை தடிமன் கவசம் போட்டால் டோஸ் (உடல் வாங்கும் கதிர்வீச்சின் அளவு) எவ்வளவு குறையும்" என்பது ஒரு கேள்வி. "இந்த அளவிக்குள் எந்தத் துகள் எந்த ஆற்றலோடு வரும்" என்பது வேறு. "விண்கலத்தில் தலைமாட்டில் தண்ணீர்த் தொட்டியை வைத்தால் எலும்பு மஜ்ஜைக்கு என்ன ஆகும்" என்பது மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே கருவி தேவையில்லை.

கன அயனிகளை எப்படிக் கையாள்கிறது? சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்களில் எண்ணிக்கைப்படி ஏறத்தாழ 87 சதவீதம் புரோட்டான், 12 சதவீதம் ஹீலியம், மீதி ஒரு சதவீதம்தான் அதைவிடக் கனமானவை. ஆனால் ஓர் அயனி போகிற வழியில் விட்டுச்செல்லும் ஆற்றல் அதன் மின்னேற்றத்தின் இருமடிப்படி கூடும். இரும்புக்கு மின்னேற்றம் 26. அதே வேகத்தில் போகும் புரோட்டானைவிட 676 மடங்கு. அதனால் அந்த ஒரு சதவீதத்தை ஒதுக்க முடியாது. அவை கவசத்தில் மோதிச் சிறு சிறு அணுக்கருக்களாக உடைவதை நிரல் எந்த மாதிரியை வைத்துக் கணக்கிடுகிறது என்பதைப் பார்த்தாக வேண்டும்.

வடிவியல். அடுக்கடுக்கான தட்டுகள் போதுமா, கோளமா, நாற்காலி, தொட்டி, மனித உருவம் எல்லாம் வைத்த முழு விண்கலமா?

நேரம். இதில் இரண்டு உண்டு. கணினி ஓடும் நேரத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நீங்கள் கற்கும் நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, உண்மையில் அதுதான் பெரிது.

உரிமம். சில நிரல்களை இன்றிரவே இறக்கலாம். சிலவற்றுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். சில நமக்குக் கிடைப்பது கடினம். லாஸ் அலமாஸ் ஆய்வகத்தின் எம்சிஎன்பி நல்ல நிரல்தான், ஆனால் அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. ஆறு மாத ப்ராஜெக்டுக்கு அதை நம்பி இறங்க வேண்டாம் என்பது என் கருத்து, அதனால் இந்த ஒப்பீட்டில் அதைச் சேர்க்கவில்லை.

| | ஓல்ட்டாரிஸ் | ஜியான்ட்4 | ஃப்ளூகா | ஃபிட்ஸ் |
|---|---|---|---|---|
| யார் உருவாக்கியது | நாசா லாங்லி | ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் தொடங்கிய பன்னாட்டுக் கூட்டமைப்பு | செர்ன், இத்தாலியின் அணுக்கரு இயற்பியல் நிறுவனமான ஐஎன்எஃப்என் | ஜப்பான் அணுசக்தி முகமையும் கூட்டாளிகளும் |
| முறை | சமன்பாட்டை நேரடியாகத் தீர்ப்பது | மாண்டி கார்லோ | மாண்டி கார்லோ | மாண்டி கார்லோ |
| எப்படி வேலை செய்வது | இணையதளப் படிவம் | சி++ நிரல் எழுத வேண்டும் | உள்ளீட்டு அட்டைகள், ஃப்ளேர் திரை | உள்ளீட்டு உரைக்கோப்பு |
| முதல் நம்பகமான விடை வர | ஓரிரு நாள் | இரண்டு, மூன்று மாதம் | ஒரு மாதம் | மூன்று, நான்கு வாரம் |
| கணினி நேரம் | நிமிடங்கள் | மணி முதல் நாள் வரை | மணி முதல் நாள் வரை | மணி முதல் நாள் வரை |
| கிடைப்பது | கணக்குப் பதிவு, ஒப்புதல் | திறந்த மூலம், உடனே | தனிநபர் பதிவு | விண்ணப்பம், காத்திருப்பு |

"முதல் நம்பகமான விடை" என்ற வரியில் இருப்பது என்னோடு வேலை செய்த மாணவர்களை வைத்து நான் போட்ட மதிப்பீடு. லினக்ஸும் சி++-உம் ஏற்கெனவே தெரிந்தவருக்கு ஜியான்ட்4-க்கான காலம் பாதியாகலாம்.

## ஓல்ட்டாரிஸ்: உலாவியிலேயே முடிகிற வேலை

இதன் அடியில் ஓடுவது ஹெச்இசட்இட்ரான் என்ற நிரல், நாசா லாங்லியில் ஜான் வில்சனும் அவர் குழுவும் பல பத்தாண்டுகளாக வளர்த்தது. மாண்டி கார்லோ நிரல்களைப் போல ஒவ்வொரு துகளையும் பின்தொடர்ந்து பகடை உருட்டும் வேலை இதில் கிடையாது. துகள்களின் ஓட்டத்துக்கான சமன்பாட்டை எடுத்து, கவசத்துக்குள் படிப்படியாக முன்னேறித் தீர்த்துக்கொண்டே போகிறது. அதனால்தான் அத்தனை வேகம். சுற்றுச்சூழல் என்ற இடத்தில் அண்டக்கதிரையோ ஒரு பழைய சூரியத் துகள் வெடிப்பையோ தேர்ந்தெடுத்து, கவசத்தின் பொருளையும் தடிமனையும் கொடுத்தால், டோஸும் டோஸ் ஈக்விவலன்ட்டும் (துகளின் தீங்குக்கேற்பப் பெருக்கிய டோஸ்) நிமிடங்களில் வந்துவிடும். மனித உடல் மாதிரிகளும் உள்ளேயே இருக்கின்றன.

எந்தப் பொருள் நல்லது, எவ்வளவு தடிமன் வேண்டும், சூரியன் அமைதியாக இருக்கும் ஆண்டில் போவதா சீறும் ஆண்டில் போவதா, இப்படி ஐம்பது நிலைமைகளை ஒப்பிட வேண்டுமென்றால் இதைவிட நல்ல வழி கிடையாது. மாண்டி கார்லோவில் ஐம்பது முறை ஓட்ட உங்கள் ஆயுள் போதாது.

மறைந்திருக்கும் விலை என்ன? பழைய ஹெச்இசட்இட்ரானில் துகள்கள் எல்லாம் நேராகவே போகும் என்ற அனுமானம் உண்டு. வேகமான கன அயனிகளுக்கு அது பொருந்தும். நியூட்ரான் அப்படிப் போகாது, மோதி எல்லாப் பக்கமும் சிதறும், பின்னாலும் திரும்பி வரும். பிறகு வந்த பதிப்புகளில் முன்பின் இரு திசைகளிலும் நியூட்ரானைக் கணக்கிட்டார்கள், அப்புறம் முப்பரிமாணத்துக்கும் கொண்டுபோனார்கள். நீங்கள் பயன்படுத்தும் தேர்வில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று பார்த்து அறிக்கையில் எழுத வேண்டும். மாணவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இதை எழுதுவதில்லை.

இன்னொரு விலை, நிரலின் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. வாய்வாத் தேர்வில் "இந்த எண் எப்படி வந்தது" என்று கேட்டால் "தளம் சொன்னது" என்று பதில் சொல்ல முடியாது இல்லையா? அதனால் இதை எடுப்பவர்கள் சமன்பாட்டை ஒரு முறையாவது கையால் எழுதிப் பார்த்திருக்க வேண்டும்.

பூமிச் சுற்றுப்பாதை மட்டும்தான் உங்கள் விஷயம் என்றால், ககன்யான் மாதிரி தாழ்வான பாதை என்றால், ஐரோப்பிய விண்வெளி முகமைக்காகப் பெல்ஜியத்தில் நடத்தப்படும் ஸ்பென்விஸ் தளத்தையும் பாருங்கள். பூமியின் காந்தப்புலத்தில் சிக்கிய துகள்கள் நிறைந்த வான் ஆலன் பட்டைகளுக்கான மாதிரிகளும், அந்தப் பட்டை தாழ இறங்கும் தென் அட்லாண்டிக் பகுதியைக் கடக்கும்போது வாங்கும் புரோட்டான்களின் கணக்கும் அதில் வசதியாக இருக்கின்றன. முலாசிஸ் என்ற கருவியும் அதிலேயே உண்டு. அது அடுக்குத் தட்டுகளுக்கு ஜியான்ட்4-ஐப் பின்னணியில் ஓட்டித் தருகிறது.

## ஜியான்ட்4: எல்லாம் முடியும், எல்லாவற்றையும் நீங்களே செய்ய வேண்டும்

1998 டிசம்பரில் முதல் பதிப்பு வெளியான நாளிலிருந்து இதன் பலமும் பலவீனமும் ஒன்றுதான்: இது ஆயத்த நிரல் கிடையாது, ஒரு கருவிப்பெட்டி. வடிவியல், துகள் மூலம், இயற்பியல், எதை எண்ணுவது என்ற நான்கையும் நீங்கள் சி++-இல் எழுத வேண்டும். எழுதிவிட்டால் உலகில் எந்த அளவியையும், எந்த விண்கலத்தையும் உள்ளே கட்டலாம். டி.என்.ஏ. அளவுக்கு இறங்கிப் பார்க்க ஜியான்ட்4-டிஎன்ஏ என்ற தனிப் பகுதியும் இருக்கிறது. மற்ற மூன்றும் இந்த விரிவுக்குப் பக்கத்தில்கூட வராது.

விலைகளைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இங்கேதான் மாதங்கள் கரைகின்றன.

முதல் விலை பிசிக்ஸ் லிஸ்ட். எந்த ஆற்றலில் எந்த அணுக்கரு மாதிரியைப் பயன்படுத்துவது என்ற தொகுப்புக்கு அந்தப் பெயர். எடுத்துக்காட்டு நிரல்களில் பெரும்பாலும் இருப்பது எஃப்டிஎஃப்பி-பெர்ட். அது துகள் முடுக்கி வேலைகளுக்கு நல்லது, ஆனால் மெதுவான நியூட்ரான்களைத் துல்லியமாகப் பின்தொடராது. கதிர்வீச்சுக் கவச வேலைக்கென்றே ஷீல்டிங் என்ற லிஸ்ட் இருக்கிறது, அதில் நியூட்ரானுக்கு உயர்துல்லியத் தரவும், அயனி மோதலுக்குக் குவாண்டம் மூலக்கூறு இயக்கவியல் மாதிரியும் உண்டு. மெதுவாக ஓடும், ஆனால் நம் வேலைக்கு அதுதான் சரி. எடுத்துக்காட்டிலிருந்து அப்படியே ஒட்டிவிட்டு, இரும்பு அயனி உடைவதைப் பற்றி முடிவு எழுதிய அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, டோஸ் ஈக்விவலன்ட் தானாக வராது. துகள் தண்ணீரில் ஒரு மைக்ரோமீட்டருக்கு எத்தனை கிலோ எலக்ட்ரான்வோல்ட் விடுகிறது என்று பார்த்து, அதற்கேற்ற தரக் காரணியால் பெருக்க வேண்டும். 10-க்குக் கீழே காரணி 1. 10 முதல் 100 வரை 0.32-ஆல் பெருக்கி 2.2-ஐக் கழிக்க வேண்டும். 100-க்கு மேல் 300-ஐ அந்த ஆற்றல் அளவின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். இந்த மூன்று வரிகளை நீங்கள்தான் எழுதியாக வேண்டும், அதைச் சரிபார்க்க வேண்டியதும் நீங்கள்தான்.

மூன்றாவது விலை எல்லா மாண்டி கார்லோ நிரல்களுக்கும் பொது. இந்த வலி ஜியான்ட்4-இல் கூடுதலாகத் தெரியும். 5 மீட்டர் ஆரமுள்ள கோளத்தின் பரப்பிலிருந்து உள்நோக்கி அயனிகளை அனுப்புகிறீர்கள், நடுவில் 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள ஒரு தண்ணீர்க் கோளம்தான் உங்கள் அளவி. 2,500 அயனிகளில் ஒன்றுதான் அதன் பக்கம் போகும். பத்து லட்சம் அயனிகளை ஓட்டினால் 400. அந்த 400-ஐ வைத்து டோஸ் சொன்னால் புள்ளியியல் பிழை தாங்காது. மூலக் கோளத்தை எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்குங்கள், அல்லது நடுவை நோக்கிய கூம்புக்குள் மட்டும் அனுப்பிவிட்டு அதற்கான திருத்தத்தைப் போடுங்கள். அப்படிச் செய்யும்போது மோதலில் பிறந்து பக்கவாட்டில் சிதறி வரும் இரண்டாம்நிலைத் துகள்கள் சில தப்பிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

நான்காவது, இயல்பாக்கம், அதாவது ஓட்டிய துகள்களின் எண்ணிக்கையை உண்மையில் வரும் எண்ணிக்கையோடு பொருத்துவது. நான் முதன்முதலில் செய்த செவ்வாய்ப் பயணக் கணக்கில் நாளுக்கு 7 மில்லிசீவர்ட்டுக்கு மேல் வந்தது. மூன்று வாரம் பிசிக்ஸ் லிஸ்டை மாற்றி மாற்றி ஓட்டினேன், கவசத்தின் அடர்த்தியைச் சரிபார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் பார்த்தால் காரணம் மிகச் சாதாரணம். எல்லாத் திசையிலிருந்தும் சமமாக வரும் ஓட்டத்தில், ஒரு பரப்பைக் கடந்து உள்ளே போகும் துகள்களின் எண்ணிக்கைக்கு ஓட்டச்செறிவைப் பை (π) என்ற எண்ணால் பெருக்க வேண்டும். நான் நான்கு பையால் பெருக்கியிருந்தேன். சரியாக நாலு மடங்கு தவறு. 7.4-ஐ நாலால் வகுத்துப் பாருங்கள், ராட் அளந்த எண்ணுக்கே வந்துவிடும். துகள்களைப் பரப்பிலிருந்து அனுப்பும்போது கோணப் பரவல் கொசைன் விதிப்படி இருக்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது. இந்த ஒரு பத்தியை நினைவில் வைத்துக்கொண்டால் நீங்கள் அந்த மூன்று வாரத்தை இழக்க மாட்டீர்கள்.

அளவி வடிவமைப்பவர், ஆராய்ச்சிப் படிப்பில் மூன்று நான்கு வருஷம் இந்தத் துறையிலேயே இருக்கப் போகிறவர், நிரலின் ஒவ்வொரு வரியையும் தன் கையில் வைத்திருக்க விரும்புகிறவர், இவர்களுக்கு ஜியான்ட்4-ஐத் தயங்காமல் சொல்வேன். ஆறு மாதத்தில் அறிக்கை சமர்ப்பிக்க வேண்டியவருக்குச் சொல்ல மாட்டேன்.

## ஃப்ளூகா: குறைவாக எழுதி நிறையப் பெறலாம்

ஃப்ளூகாவில் இயற்பியல் தேர்வு பெரும்பாலும் உங்களிடம் விடப்படுவதில்லை. எந்த ஆற்றலுக்கு எந்த மாதிரி என்று உருவாக்கியவர்களே தீர்மானித்து வைத்திருக்கிறார்கள். சிலருக்கு இது பிடிக்காது. எனக்குப் பிடிக்கும், புதிதாக வருகிறவர் தவறான மாதிரியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே குறைந்துவிடுகிறது. ஃப்ளேர் என்ற திரையில் வடிவியலை வரைந்து, அட்டைகளை நிரப்பி ஓட்டலாம். அண்டக்கதிரையும் சூரியத் துகள் வெடிப்பையும் மூலமாக வைப்பதற்கென்றே ஆயத்த வசதி இருக்கிறது. தரக் காரணியோடு பெருக்கிய டோஸையும் நேரடியாக எண்ணித் தரும், அந்த மூன்று வரியை நீங்கள் எழுத வேண்டியதில்லை.

விலைகள் இரண்டு. அயனிப் போக்குவரத்து முழுமையாக இயங்குகிறதா என்று பார்க்காமல் ஓட்டினால், கன அயனிகள் அணுக்கரு மோதலே இல்லாமல் கவசத்தைக் கடந்து போய்விடும். பிழைச்செய்தி எதுவும் வராது. வரைபடமும் அழகாகவே வரும். முதல் ஓட்டத்திலேயே இரும்பு அயனி தடித்த அலுமினியத்தில் உடைகிறதா, சிறிய அணுக்கருக்கள் வெளியே வருகின்றனவா என்று பாருங்கள். இரண்டாவது, 2019-க்குப் பிறகு செர்ன் ஒரு பதிப்பையும் ஐஎன்எஃப்என் ஒரு பதிப்பையும் தனித்தனியாக வெளியிடுகின்றன. பயிற்சிக் குறிப்பு ஒன்றிலிருந்தும் நிரல் இன்னொன்றிலிருந்தும் எடுத்துக் குழம்புகிறவர்கள் நிறைய. ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள்.

உங்கள் துறையிலோ கல்லூரியிலோ ஏற்கெனவே ஒருவர் ஃப்ளூகாவில் வேலை செய்கிறார் என்றால், வேறு எதையும் யோசிக்காமல் இதை எடுங்கள். பக்கத்தில் ஆள் இருப்பது எந்த நிரலின் எந்தச் சிறப்பையும்விடப் பெரியது.

## ஃபிட்ஸ்: நான் மாணவர்களுக்கு அதிகம் சொல்வது

நிரல் எழுதத் தேவையில்லை. ஓர் உரைக்கோப்பில் மூலம், பரப்புகள், அறைகள், எண்ண வேண்டியவை என்று பகுதி பகுதியாக எழுதி ஓட்டினால் படமும் சேர்ந்தே வருகிறது. பயிற்சிப் பாடங்கள் நிரலோடு சேர்த்தே கொடுக்கப்படுகின்றன, வரிசையாகச் செய்தால் இரண்டு வாரத்தில் கை பழகிவிடும். அயனி-அயனி மோதலுக்கு ஜேக்யூஎம்டி என்ற அவர்களுடைய சொந்த மாதிரி இருக்கிறது. மூல நிரலும் கிடைக்கும் என்பதால் பிறகு ஆழமாகப் போக விரும்பினால் வழி மூடப்படாது.

விலை என்று பார்த்தால், விண்ணப்பம் அனுப்பிக் காத்திருக்க வேண்டும், வழிகாட்டியின் பெயரும் நிறுவன மின்னஞ்சலும் இல்லாமல் விண்ணப்பித்தால் இன்னும் இழுக்கும். வடிவியலைப் பரப்புகளின் கூட்டல் கழித்தலாக எழுதுவது முதல் சில நாள் தலைவலி. இணையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஜியான்ட்4-க்கு இருக்கும் அளவு கூட்டம் இதற்கு இல்லை. அவ்வளவுதான், பெரிய குறை என்று எனக்கு எதுவும் தெரியவில்லை.

## சரி, இவை ஒரே விடையைத் தருகின்றனவா?

ஏறக்குறைய. 2016-இல் செவ்வாய்த் தரைக்கான கணக்கைப் பல குழுக்கள் ஜியான்ட்4, ஃபிட்ஸ், ஹெச்இசட்இட்ரான் உள்ளிட்ட நிரல்களில் செய்து ராட் அளவீட்டோடு ஒப்பிட்டார்கள். மொத்த டோஸில் பெரிய பிணக்கு இல்லை. தனித்தனித் துகள் வகைகளாகப் பிரித்துப் பார்த்தபோதுதான், குறிப்பாக இரண்டாம்நிலைத் துகள்களில், வித்தியாசங்கள் தலைகாட்டின. இதிலிருந்து ஒரு நடைமுறை முடிவு எடுக்கலாம்: மொத்த டோஸ்தான் உங்கள் கேள்வி என்றால் எளிதில் கிடைக்கும் நிரலை எடுங்கள். நியூட்ரான் எவ்வளவு, ஹீலியம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வேண்டுமென்றால் இரண்டு நிரல்களிலாவது ஓட்டாமல் முடிவு எழுதாதீர்கள்.

நிரலின் தேர்வு உண்மையிலேயே விடையை மாற்றிய இடம் ஒன்று உண்டு. பழைய நேர்கோட்டுக் கணக்குகளில் அலுமினியத்தின் தடிமன் கூடக் கூட டோஸ் ஈக்விவலன்ட் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போகும். முப்பரிமாண நியூட்ரான் போக்குவரத்தும், மோதலில் பிறக்கும் பையான் என்ற துகள்களும் அவற்றிலிருந்து வரும் எலக்ட்ரான், காமா கதிர்களும் சேர்ந்த பிறகு படம் மாறியது. சதுர சென்டிமீட்டருக்கு 20 கிராம் அளவில், அதாவது ஏழரை சென்டிமீட்டர் அலுமினியத்துக்குச் சற்றுக் குறைவாக, டோஸ் ஈக்விவலன்ட் ஒரு பள்ளத்தைத் தொட்டுவிட்டு அப்புறம் மெல்ல ஏறத் தொடங்குகிறது. நாசா லாங்லி குழு 2017-இல் இதைக் காட்டியது. கவசமே துகள்களைப் பெற்றுப்போடுகிறது. கூடுதல் அலுமினியம் கூடுதல் பாதுகாப்பு என்று நம்பி வடிவமைத்திருந்தால், எடையையும் கூட்டி, உள்ளே இருப்பவர்களுக்குக் கதிர்வீச்சையும் கூட்டியிருப்போம். பாலிஎதிலீன் மாதிரி ஹைட்ரஜன் நிறைந்த பொருள்களை எல்லோரும் தேடுவதற்கும் இதே இயற்பியல்தான் காரணம்.

சூரியத் துகள் வெடிப்புகளில் இந்த வம்பு குறைவு. பெரும்பாலும் புரோட்டான்கள், ஆற்றலும் குறைவு, நல்ல கவசம் அவற்றைப் பெருமளவு நிறுத்திவிடும், எந்த நிரலில் ஓட்டினாலும் விடை கிட்டத்தட்ட ஒன்றுதான். 1972 ஆகஸ்டில் அப்பல்லோ 16-க்கும் 17-க்கும் நடுவே வந்த பெரிய வெடிப்பை எடுத்து, அந்த நேரத்தில் நிலவில் ஆள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்கிடுவது நல்ல முதல் ப்ராஜெக்ட். ஓல்ட்டாரிஸே போதும்.

## நிரலைவிட அதிகம் பாதிக்கக்கூடிய இன்னொரு தேர்வு

வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர் எவ்வளவு என்ற உள்ளீட்டுக்கும் பல மாதிரிகள் உண்டு. நாசா பக்கம் பத்வார்-ஓநீல், சர்வதேசத் தரமாக ஐஎஸ்ஓ 15390, ஜெர்மன் விண்வெளி மையத்தின் மத்தியா மாதிரி. பத்வார்-ஓநீலில் மட்டும் 2010, 2014, 2020 என்று பதிப்புகள். எந்த மாதிரி, எந்தப் பதிப்பு, எந்த ஆண்டின் சூரியன் என்ற மூன்றையும் எழுதாத கணக்கை யாராலும் மறுபடி செய்து பார்க்க முடியாது.

சூரியன் சீறும் காலத்தில் அதன் காந்தப்புலம் அண்டக்கதிரைத் தள்ளிவிடும், அமைதியான காலத்தில் உள்ளே விடும். நம் ஊட்டியில் இருக்கும் கிரேப்ஸ்-3 ஆய்வகத்தின் 560 சதுர மீட்டர் மியூவான் தொலைநோக்கி, அண்டக்கதிர் காற்றில் மோதிப் பிறக்கும் மியூவான் துகள்களை எண்ணி, இந்த ஏற்ற இறக்கத்தைத் தரையிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறது. 2009 வாக்கில் சூரியன் அசாதாரணமாக அடங்கியிருந்தபோது, அதுவரை விண்வெளி யுகத்தில் அளந்ததிலேயே அதிகமான அண்டக்கதிர் வந்தது. ஆக, ஆண்டை மாற்றினாலே விடை பெரிய அளவில் மாறும். ஜியான்ட்4-ஆ ஃப்ளூகாவா என்று இரண்டு வாரம் வாதிடுகிறவர்கள் இதற்கு இரண்டு நிமிடம்கூடக் கொடுப்பதில்லை.

அப்புறம் உயிரியல். டோஸிலிருந்து புற்றுநோய் ஆபத்துக்குப் போகும்போது வரும் நிச்சயமின்மை, எந்த இரண்டு நிரல்களுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசத்தையும் விழுங்கிவிடும். அதைக் குறைக்கத்தான் ப்ரூக்ஹேவனில் உள்ள நாசா ஆய்வகத்தில் 33 விதக் கற்றைகளை அடுத்தடுத்துச் செலுத்தி, கவசத்துக்குப் பின்னால் இருக்கும் அண்டக்கதிரைப் போலவே செய்து உயிரணுக்கள் மேல் விழ வைக்கிறார்கள். அந்த 33-ஐ எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கும் வகைக் கணக்குகளை வைத்துத்தான்.

## யாருக்கு எது

இளநிலை, ஆறு மாதத்துக்குள், கவசப் பொருள் ஒப்பீடு: ஓல்ட்டாரிஸ். பூமிச் சுற்றுப்பாதை மட்டும் என்றால் ஸ்பென்விஸ்.

முதுகலை, ஓர் ஆண்டு, வடிவியல் கொஞ்சம் சிக்கலானது, நியூட்ரானையும் பார்க்க வேண்டும்: ஃபிட்ஸ். பக்கத்தில் ஃப்ளூகா தெரிந்தவர் இருந்தால் ஃப்ளூகா.

முனைவர் பட்டம், அல்லது அளவி கட்டுகிற குழுவில் சேரப் போகிறீர்கள்: ஜியான்ட்4, கூடவே சரிபார்க்க ஓல்ட்டாரிஸ்.

மனித உடலுக்குள் உறுப்பு உறுப்பாக டோஸ் வேண்டுமென்றால் ஃபிட்ஸோ ஜியான்ட்4-ஓ. 2022 நவம்பரில் நாசாவின் ஆர்ட்டெமிஸ் 1 பயணத்தின் ஓரையன் கலத்தில் ஹெல்கா, ஜோஹர் என்ற இரண்டு பெண் உடல் மாதிரிகளை அளவிகளோடு நிலவைச் சுற்றி அனுப்பினார்கள். கலத்துக்குள் இடத்துக்கு இடம் டோஸ் மாறியது. வான் ஆலன் பட்டையைக் கடக்கும்போது கலம் திரும்பியதாலேயே டோஸ் வீதம் பாதியாகக் குறைந்தது. இப்படிப்பட்ட விஷயத்தைத் தட்டு வடிவியலில் பிடிக்கவே முடியாது.

## எதை எடுத்தாலும் முதலில் செய்ய வேண்டிய ஓட்டம்

1977-ஆம் ஆண்டின் அமைதியான சூரியன், சதுர சென்டிமீட்டருக்கு 20 கிராம் அலுமினியம், அதன் பின்னால் அதே கணக்கில் 30 கிராம் தண்ணீர். இந்தத் துறையில் எல்லா நிரல்களையும் வைத்துப் பல முறை ஒப்பிட்டுப் பார்த்த அமைப்பு இது, எண்கள் வெளியாகியிருக்கின்றன. உங்கள் விடை அவற்றோடு ஒத்துப்போகும் வரை சொந்த விண்கலத்தை வரையத் தொடங்காதீர்கள்.

அது முடிந்ததும் ராட் பயண அளவீடு. தண்ணீரில் நாளுக்கு 0.48 மில்லிகிரே (தரக் காரணியால் பெருக்காத டோஸின் அலகு), சராசரித் தரக் காரணி 3.82, பெருக்கினால் 1.84 மில்லிசீவர்ட். இரண்டையும் தனித்தனியாக ஒப்பிடுங்கள். கிரே ஒத்துப்போய் சீவர்ட் ஒத்துப்போகவில்லை என்றால் கன அயனிகளிலோ தரக் காரணியிலோ தவறு இருக்கிறது. இரண்டும் ஒரே விகிதத்தில் தவறினால் இயல்பாக்கத்தைப் பாருங்கள். நீங்கள் சிலிக்கானில் எண்ணியிருந்தால் தண்ணீருக்கு மாற்ற 1.38-ஆல் பெருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். ராட்டைச் சுற்றிக் கவசமும் சீராக இல்லை, சில பக்கம் மெல்லியது, சில பக்கம் கனமான பாகங்கள், அதனால் ஒரே தடிமன் கோளத்தை வைத்துவிட்டு கடைசி இலக்கம் வரை ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எந்த நிரல் என்று இன்னும் முடிவாகவில்லை என்றாலும், ஃபிட்ஸுக்கான விண்ணப்பத்தையும் ஓல்ட்டாரிஸ் கணக்குப் பதிவையும் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். ஒப்புதல் வருவதற்குள் தரக் காரணிக்கான அந்த மூன்று வரிகளை ஒரு சின்ன பைத்தான் நிரலாக எழுதி, 10-இல் 1-உம் 100-இல் ஏறக்குறைய 30-உம் வருகிறதா என்று பார்த்து வைத்துக்கொண்டால், எந்த நிரலுக்குப் போனாலும் அது கூடவே வரும்.